யார் கடன், யார் கணக்கு?

(புதுக்கோட்டையில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சினிமாப் பாட்டு கர்நாடக சங்கீதத்திலிருந்து மெட்டுகளைக் கடன் வாங்குதுன்னு சொல்றாங்க. கொஞ்சம் கோபம் வந்தா திருட்டுங்கிறாங்க. நான் வங்கியில் பேரேடுகளோடு மாரடிக்கிறவன். கடன்னு சொன்னா கொடுத்தவர் யார், வாங்கியவர் யார்னு கேட்காம என்னால இருக்க முடியாது.

1985-இல் வந்த 'சிந்து பைரவி'யை எடுத்துக்குங்க. இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்த படம். அதில் 'பாடறியேன் படிப்பறியேன்' நாட்டுப்புறப் பாட்டாத் தொடங்கி, தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில் போய்ச் சேர்கிறது. "அது தியாகராஜர் சொத்துதானே" என்று வங்கியில் ஒரு நண்பர் இன்னமும் சொல்வார். எது சொத்து? அந்தக் கீர்த்தனை கச்சேரிகளில் பாடப்படுவது காம்போதியில். படத்தில் ஒலிப்பது சாரமதி. சொல் தியாகராஜருடையது, மெட்டு பண்ணைப்புரத்துக்காரருடையது. வயக்காட்டுப் பாட்டையும் கீர்த்தனையையும் ஒரே ராகத்தில் வைத்துத் தைத்திருக்கிறார். தையல் தெரியுதான்னு நீங்களே கேட்டுப் பாருங்க.

எதிர்ப்பக்கக் கணக்கையும் பார்ப்போம். முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். 'சந்ததம் பாஹிமாம்' மெட்டு, இங்கிலாந்து ராஜாவுக்கு வாழ்த்துப் பாடுகிற அதே மெட்டு! அதைத் திருட்டுன்னு யாரும் சொல்றதில்லை. நோட்டுஸ்வரம்னு மரியாதையான பெயர் இருக்கு. புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, செஞ்சுருட்டி போன்றவற்றுக்கு நாட்டுப்புற மெட்டுகளோடு உறவு உண்டுன்னு இசை அறிஞர்களே சொல்றாங்க. ஆனா அந்த வரவுக்கு நேரே எந்தத் தெரு, எந்தக் கிழவின்னு ஒரு பெயர் கிடையாது.

நம்ம மாவட்டத்திலேயே குடுமியான்மலை இருக்கு. 7-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு. சுரங்களைப் பாறையில் வெட்டி வச்சிருக்காங்க. அந்த மலையடியில் நாற்று நட்டவர்கள் பாடியது எந்தப் பாறையிலும் இல்லை. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனார். உடும்புத்தோல் மேடை ஏறியது. மிருதங்கத்தில் மாட்டுத்தோல் இருக்கு. அதைப் பதப்படுத்தி வார் இழுக்கும் கைகளில் பெரும்பாலானவை தலித் கிறித்தவர்களின் கைகள். 2020-இல் டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. கண்ணுக்குத் தெரியும் கைகளைப் பேசினாலே இந்தப் பாடு. காற்றில் போன மெட்டுக்கு யார் சாட்சி சொல்றது?

அதனால ஒரு வேலை சொல்றேன். விடுமுறைக்கு ஊருக்குப் போறப்ப நடவுப் பாட்டு, ஒப்பாரி, தாலாட்டு எது கிடைச்சாலும் கைபேசியில் பதிவு பண்ணுங்க. பாடினவர் பெயர், ஊர், தேதி மூணையும் எழுதுங்க. 'கிராமியப் பாடல்'னு மொட்டையாப் போடாதீங்க. பெயர் வேண்டாம்னு அவங்க சொன்னா, அதையும் குறிச்சு வையுங்க. அன்னவாசல் பக்கம் ஞாயிற்றுக்கிழமை நான் போறேன். கூட ரெண்டு பேர் வேணும். பஸ் செலவு என்னது.