ஆணா, பெண்ணா? சுண்டெலி சொன்ன சாட்சி

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் பேசியது)



போன மாதம் நமது தோழர் ஒருவர் வீட்டில் நான்காவதாகவும் பெண் குழந்தை பிறந்தது. மாமியார் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூலி உயர்வுக் கூட்டத்தில் முழங்குகிற அந்தத் தோழர் தனியாக என்னிடம் வந்து, "இவ வயித்துல ஆம்பளைப் பிள்ளையே தங்காது போலிருக்கு தோழர், வேற கல்யாணம் பண்ணச் சொல்றாங்க" என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்கிறேன். நான் விஞ்ஞானியல்ல, எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் உடம்பின் செல்களுக்குள் குரோமோசோம் என்ற நுண்ணிய இழைகள் இருக்கின்றன. பெண்ணுக்கு எக்ஸ் என்ற இழை இரண்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் என்ற குட்டை இழை ஒன்று. தாயின் முட்டையில் இருப்பது எக்ஸ்தான். தந்தையின் விந்தணுக்களில் ஏறக்குறையப் பாதி எக்ஸைச் சுமக்கின்றன, பாதி ஒய்யைச் சுமக்கின்றன. ஒய் தாயிடம் இல்லவே இல்லை! இல்லாததை அவள் எப்படிக் கொடுப்பாள்? அவளுக்கு எத்தனை லேகியம் வாங்கிக் கொடுத்து என்ன பயன்? இதற்கு வழிகாட்டியவரும் ஒரு பெண்தான். அமெரிக்காவில் ஒரு தச்சரின் மகளான நெட்டி ஸ்டீவன்ஸ், 1905ல் மாவில் வளரும் ஒருவகை வண்டை ஆராய்ந்து இதைக் கண்டார்.

சரி, அந்த ஒய் என்ன செய்கிறது? இங்கேதான் சுண்டெலி வருகிறது.

சுண்டெலிக் குட்டி தாய் வயிற்றில் சுமார் 20 நாள் இருக்கும். அதில் முதல் பத்து நாள் வரை, ஆணானாலும் பெண்ணானாலும் உள்ளே இருப்பது ஒரே மாதிரியான ஒரு சிறு மேடுதான். அது விரையாகவும் ஆகலாம், முட்டை உண்டாகும் சூலகமாகவும் ஆகலாம். பஞ்சு ஒன்றுதான், எந்த நூலாக்குவது என்பது பிறகு. பத்தரை நாள் வாக்கில் ஒய் இழையிலுள்ள எஸ்.ஆர்.ஒய். என்ற ஒரு ஜீன் விழிக்கிறது. அது சாக்ஸ்-9 என்ற இன்னொரு ஜீனை எழுப்புகிறது. மேடு விரையாகத் தொடங்குகிறது. இரண்டு நாளில் எஸ்.ஆர்.ஒய். அடங்கிவிடுகிறது. அதன் வேலை அவ்வளவுதான்.

இதற்கு என்ன நிரூபணம்? 1991ல் லண்டனில் பீட்டர் குட்ஃபெலோ, ராபின் லவல்-பாட்ஜ் ஆகியோரின் குழுக்கள், எஸ்.ஆர்.ஒய். அடங்கிய ஒரு துணுக்கைச் சுண்டெலிக் கருமுட்டைக்குள் ஊசியால் ஏற்றின. இரண்டு எக்ஸ் உள்ள, பெண்ணாகப் பிறக்க வேண்டிய ஒரு குட்டி ஆணாகப் பிறந்தது! பெட்டையோடு இணையவும் செய்தது. ஆனால் அதற்கு விந்தணு உண்டாகவில்லை. அதற்கு ஒய்யின் மற்ற ஜீன்களும் வேண்டும். துணுக்கு ஏறிய எல்லாக் குட்டிகளும் ஆணாகிவிடவும் இல்லை.

நேரமும் முக்கியம். 2009ல் ஜப்பானிய விஞ்ஞானிகள், இந்த ஜீன் வேலை தொடங்குவதற்குச் சுண்டெலியில் சுமார் 6 மணி நேர அவகாசமே உண்டென்று காட்டினார்கள். மில்லில் சங்கு ஊதிய பிறகு வந்தவனுக்குக் கேட் அடைத்துவிடுவது போல, ஜீன் தாமதித்து விழித்தால் மேடு சூலகத்தின் வழியே போய்விடுகிறது.

இதைக் கேட்டதும் சிலர், "ஆக, பெண் என்றால் ஆணாக முடியாமல் போன உடம்புதானே?" என்பார்கள். இது பழைய பேச்சு. கிரேக்கத்து அரிஸ்டாட்டிலே சொன்னதுதான். சுவிட்ச் போடாவிட்டால் தானாகவே சூலகம் என்று விஞ்ஞானிகளில் பலரும் நெடுநாள் எண்ணியிருந்தார்கள்.

2009 டிசம்பரில் வந்த இன்னொரு ஆராய்ச்சி அந்த எண்ணத்தை உடைத்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வுக்கூடத்தினரும் லண்டன்காரர்களும் சேர்ந்து, முழு வளர்ச்சியடைந்த பெட்டைச் சுண்டெலிகளின் சூலகத்தில் ஃபாக்ஸ்-எல்-2 என்ற ஒரே ஒரு ஜீனை நீக்கினார்கள். என்ன நடந்தது? சூலகத்துச் செல்கள் விரைச் செல்களாக மாறத் தொடங்கின! ஆண் எலிக்கு உள்ள அளவுக்கு ஆண் ஹார்மோன் சுரந்தது. அப்படியானால், சூலகம் சும்மா கிடக்கவில்லை, தோழர்களே. வாழ்நாள் முழுவதும் தன்னைச் சூலகமாக வைத்துக்கொள்ள அது வேலை செய்துகொண்டே இருக்கிறது. இதைக் கவனிக்க நமக்கு இத்தனை காலம் ஆயிற்று! 2011ல் அமெரிக்காவில் இதன் மறுபக்கமும் தெரிந்தது: வளர்ந்த ஆண் சுண்டெலியின் விரையிலிருந்து டி.எம்.ஆர்.டி.-1 என்ற ஜீனை நீக்கியபோது, அங்குள்ள செல்கள் சூலகத்துச் செல்களைப் போல மாறின.

நம் தோழரிடம் இவ்வளவும் சொன்னேன். "அப்போ தப்பு என்மேலதானா?" என்றார். அதுவும் இல்லை. எந்த விந்தணு முட்டையைச் சேரும் என்று யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. பெண் பிறந்ததைத் தப்பு என்று ஏன் சொல்ல வேண்டும் என்று திருப்பிக் கேட்டேன். பதில் பேசவில்லை. ஆனால் மறுநாள் சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சங்க ஆபீசுக்கு வந்தார்.

நடவு வேலைக்குப் போகும் ஓர் அம்மா இப்போது கேட்டார்: "கோழிக்கும் இப்படித்தானா?" இல்லையம்மா, கோழியில் தலைகீழ். சேவலுக்கு இரண்டும் ஒரே மாதிரி இழை. பெட்டைக்குத்தான் வேறு வேறு இழை. அங்கே தீர்மானிப்பது பெட்டையின் முட்டை. முதலைக்கு அந்த இழையும் கிடையாது. முட்டை புதைந்திருக்கும் இடத்தின் சூடுதான் அங்கே கணக்கு.