அறம் உறுதியில் எழுதப்படட்டும்

(மாத்தளையில் ஆற்றிய உரை)



பட்டப்படிப்பை முடித்து லுத்தரன் இறையியல் கல்லூரி புக விரும்பும் ஏழை மாணவர்க்குக் குடும்பச் சொத்திலிருந்து உபகாரச் சம்பளம் வழங்குவது பற்றி ஆராயவே நாம் இங்குக் கூடியுள்ளோம்.

1706 இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1716 இல் அங்கே உபதேசிமாரைப் பயிற்றும் கல்விச்சாலை எழுந்தது. 1733 இல் ஆரோன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றார். இப்பணிக்கான பொருள் டென்மார்க்கு மன்னரிடமிருந்தும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்தும் கடல் கடந்து வந்தது. பின்னர்ச் சுவார்ட்ஸ் ஐயர் திருநெல்வேலிச் சிறுவன் ஒருவனை அழைத்துச் சென்று கற்பித்தார். அச்சிறுவனே பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியார். ஐயரின் கண்ணில் அவன் படாதிருந்தால் தமிழுக்கு அந்நூல் கிடைத்திருக்குமா? ஒருவர் கண்ணில் படுவதையே நம்பியா நம் பிள்ளைகளின் கல்வி இருக்க வேண்டும்?

மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்து கோப்பி நட்டவர்களின் சந்ததியார் நம் தோட்ட மக்கள். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பலரை நாடற்றோராக்கியது. எஞ்சியோர்க்கு வழிதிறக்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. உரிமை ஏட்டில் வந்துவிட்டது. அடுப்பில் உலை ஏறிவிட்டதா? பட்டம் பெற்ற மகனின் முதற் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் தாயிடம், 'அவன் இன்னும் சில ஆண்டுகள் கற்கட்டும்' என்று வெறுங்கையுடன் நாம் எவ்வாறு கூறுவோம்?

மனமிரங்கிக் கொடுக்கும் பணம் கொடுத்தவரோடு மறையும். சட்டப்படி நிறுவிய அறமோ அவருக்குப் பின்னும் வாழும். 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் கல்வி வளர்ச்சியையும் சமய வளர்ச்சியையும் தருமமாக ஏற்கின்றது. காணியைக் கொடுப்போர் நொத்தாரிசு உறுதியாலோ மரணசாசனத்தாலோ கொடுத்தல் வேண்டும், வாய்ச்சொல் போதாது.

அவ்வுறுதியில் மூன்று நிபந்தனைகள் எழுதப்படட்டும். முதலில் கைவைத்தல் ஆகாது, வருமானமே செலவாகட்டும். பொறுப்பாளருள் குடும்பத்துக்குப் புறம்பானோரும் இருக்கட்டும். தெரிவில் சாதியும் உறவும் நுழையாதிருக்கட்டும். இம்மூன்றும் இல்லையேல் அறம் குடும்பத்தின் பெருமையாகும். மாணவன் அதன் கடனாளியாவான்.

பெரும் செல்வரையே நாம் எதிர்பார்க்கவில்லை. மிளகுக் கொடி படர்ந்த சிறு காணியின் வருமானமும் ஒரு மாணவனின் புத்தகச் செலவைத் தாங்கும். கடல் கடந்து வந்த காசில் அன்று தமிழ்க் குரு எழுந்தார். நம் மண்ணின் விளைவில் இனி எழட்டும்!