தொலைந்தது நாணயமா, சாவியா?



பிட்காயின் முதலான கணினி நாணயங்கள் எப்படித் தொலைந்து போகின்றன என்பதைப் பற்றியே இன்று நாம் பேசப் போகிறோம். கையால் தொட முடியாத காசு மடியிலிருந்தா நழுவிவிடும் என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் பாடுபட்டுச் சேர்த்ததை இதில் போட்டுவிட்டு, போனதற்குக் காரணம் தெரியாமல் தலைவிதி என்று தலையிலடித்துக் கொள்ளுகிறவர்கள் இருக்கிறபடியால், இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய காரியமல்ல.

முதலாவது, இந்த நாணயம் என்பது என்ன? கணக்குப் புத்தகத்தில் உள்ள ஒரு வரவு, அவ்வளவுதான். 2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயின் கணக்கு, உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரியாக எழுதப்பட்டு வருகிறது. அதில் உங்கள் பேரும் ஊரும் இராது. ஒரு விலாசக் குறி மட்டுமே இருக்கும். அதிலுள்ளதை எடுத்துக் கொடுக்க ஒரு ரகசியச் சாவி வேண்டும். அது இரும்புச் சாவியல்ல. எழுதினால் 77, 78 இலக்கம் வரக்கூடிய ஒரு பெரிய எண். பாங்கிப் புத்தகம் தொலைந்தால் மானேஜரிடம் மனுக் கொடுக்கலாம். இங்கே மானேஜரும் இல்லை, மனுவும் இல்லை. சாவி போனால் வரவு அப்படியே நிற்கும்; உலகமே பார்க்கலாம்; ஒருவரும் எடுக்க முடியாது. ஆகவே இங்கு தொலைவது நாணயமல்ல, சாவியேயாகும்.

பிரிட்டனில் நியூபோர்ட் என்னும் ஊரில், 2013-ல் ஒருவருடைய பழைய கணினித் தட்டு குப்பைமேட்டுக்குப் போய்விட்டது. சுமார் 8,000 பிட்காயினுக்குரிய சாவி அதில் இருந்ததாம். மேட்டைத் தோண்ட நகரசபை சம்மதிக்கவில்லை. 2025 ஜனவரியில் ஹைகோர்ட்டும் அவர் வழக்கைத் தள்ளிவிட்டது. மற்றொருவர் 7,002 பிட்காயினின் சாவியை ஒரு சிறு கருவியில் பூட்டி வைத்தார். பத்துத் தடவை ரகசியச் சொல் தப்பினால் அது அடியோடு மூடிக்கொள்ளும். சொல்லை எழுதிய காகிதம் தொலைந்தது. எட்டுத் தடவை தப்பாகிவிட்டது என்று 2021-ல் பத்திரிகைகளில் வெளிவந்தது. இவ்விருவரும் மூடர்களல்லர்; கணினித் தொழில் அறிந்தவர்களே.

இரண்டாவது வகை, எழுத்துப் பிழையால் முடங்குவது. 2017 நவம்பரில், பாரிட்டி என்னும் பணப்பை முறையில் பலருடைய பைகளுக்கும் பொதுவாயிருந்த ஒரு நிரலை ஒருவர் அழித்துவிட்டார். 5 லட்சத்துக்கு மேற்பட்ட ஈதர் நாணயங்கள் அன்றே முடங்கிப் போயின. சாவி கையிலிருந்தும் பூட்டே இல்லாமற் போனது.

மூன்றாவது, வேண்டுமென்றே எரிப்பது. எரிப்பதென்றால் நெருப்பு வைப்பதல்ல. எவரிடமும் சாவியில்லாத விலாசத்துக்கு அனுப்பிவிடுவது. ஷிபா இனு என்ற நாணயத்தைச் செய்தவர்கள், எதீரியத்தைக் கண்ட விட்டாலிக் புட்டெரினுக்குக் கேளாமலே அதில் பாதியை அனுப்பி வைத்தார்கள். அவர் 2021 மே மாதத்தில் ஒரு பகுதியை இந்தியாவின் கொரோனா நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை எரித்துவிட்டார். எரித்தால் மிஞ்சியதற்கு விலை ஏறும் என்று தரகர்கள் சொல்லுவார்கள். வாங்குகிறவன் இல்லாவிட்டால் குறைந்த சரக்குக்கு மாத்திரம் விலை எங்கிருந்து வரும் என்று கேட்கிறோம்.

நிற்க, இனிச் சொல்லுவதே முக்கியமான சங்கதி. கனடாவில் குவாட்ரிகா என்னும் நாணய மாற்றுக் கம்பெனியை நடத்திய ஜெரால்டு காட்டன், 2018 டிசம்பரில் நமது ஜெய்ப்பூரில் இறந்தார். சாவி அவரோடு போய்விட்டது. நாணயங்கள் உள்ளே பத்திரமாயிருக்கின்றன. திறக்கத்தான் முடியவில்லை என்று சொல்லப்பட்டது. பணம் போட்டிருந்த 76,000-க்கு மேற்பட்டவர்களும் வேறென்ன செய்வார்கள்? ஆனால் கணக்கு எல்லோருக்கும் திறந்த புத்தகமாயிற்றே! தணிக்கைக்காரர் பார்த்தார். பெட்டகம் என்று சொல்லப்பட்ட விலாசங்கள் 2018 ஏப்ரல் முதலே காலியாயிருந்தன. அவர் பொய்க் கணக்குகளை உண்டாக்கி, வாடிக்கைக்காரர் பணத்தை வைத்துச் சூதாடியதே நஷ்டத்தின் பெரும் பகுதிக்குக் காரணம் என்று 2020-ல் ஒன்டாரியோ பங்குச் சந்தைக் கமிஷன் கண்டுபிடித்தது. அதாவது, சாவி தொலையவில்லை, பணமே தின்னப்பட்டிருந்தது.

ஆகவே தோழர்களே! தொலைந்தது என்று எவன் வந்து சொன்னாலும், மறந்ததா, பிழையா, எரித்ததா, அல்லது தின்றதா என்று கேளுங்கள். விலாசத்தைக் காட்டு, வரவைப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். உங்களிடம் இந்த நாணயம் இருந்தால் சாவியைக் காகிதத்தில் எழுதி இரண்டிடங்களில் வையுங்கள். உங்களுக்குப் பின் அது எங்கே இருக்கிறதென்று வீட்டில் நம்பிக்கையுள்ள ஒருவருக்குத் தெரியட்டும். மற்றெவனுக்கும் காட்டாதீர்கள். கூலி கொடுத்தால் தொலைந்த சாவியை மீட்டுத் தருகிறேன் என்று தானே தேடி வருகிறவனிடம் இரண்டாந் தடவையும் ஏமாறாதீர்கள். பிள்ளை படிப்புக்கும் கலியாணத்துக்கும் வைத்த பணத்தை இதில் போடவே போடாதீர்கள்.

மானேஜர் இல்லாத பெட்டியை நம்புகிறவன் தானே மானேஜராயிருக்க வேண்டும். அது முடியாதென்றால் அந்தப் பெட்டி அவனுக்கு வேண்டாம். நாம் சொன்னோம் என்பதற்காக இதையும் நம்பிவிடாமல், நீங்களே விசாரித்து முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.