விதியல்ல, பழக்கம்

 

பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட தேதியை அட்டையில் குறித்து வைக்கிறோம். எதற்கு? குறித்து வைத்தால்தான் எது விட்டுப்போச்சு என்று தெரியும். சாலை விபத்துக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. வண்டியில் விழுந்து ஒருவர் இறந்தால் "விதி முடிஞ்சிட்டுது" என்கிறோம். கணக்கு வேறு சேதி சொல்கிறது.

விபத்து நடந்த இடத்திலேயே போலீசார் கைபேசியில் விவரம் பதிகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய இந்த முறை 2021-இல் சில மாநிலங்களில் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. வேகமாக வந்தாரா, குடித்திருந்தாரா, ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று எல்லாம் அதில் ஏறும். பலரின் விவரத்தை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், எந்தப் பழக்கம் உயிரைக் குடிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

2022-ஆம் ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 71 பேர் இறந்தது அதிவேக விபத்துகளில். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இதில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்களே அல்ல. பின்னால் உட்கார்ந்து போனவர்கள்!

நம் வீட்டில் பின்னால் உட்காருவது யார்? பெரும்பாலும் மனைவி, மடியில் குழந்தை.

கணவன்மார்களே! வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். நெல் காயும் சாலையில் மாடு குறுக்கே வந்தால் எப்படி நிறுத்துவீர்கள்? ஒரு வாய் குடித்திருந்தாலும் வண்டியைத் தொடாதீர்கள். ஓட்டுபவரோடு இன்னும் ஒருவர்தான் ஏறலாம் என்பது சட்டம். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றினால் பாதுகாப்புப் பட்டையும் சிறிய ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

தாய்மார்களே! "பக்கத்து ஊருதானே" என்று ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். அவர் வேகமெடுத்தால், "மெதுவா போங்க, பிள்ளைங்க காத்திருக்கு" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

வழியில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். நல்லெண்ணத்தோடு உதவியவரைச் சட்டம் பாதுகாக்கிறது.

அளவாகப் பெற்ற பிள்ளைகளை ஆளாக்க இருவரும் வேண்டும். ஆகவே வீட்டில் ஒரு ஹெல்மெட் இருந்தால், அடுத்த சந்தைச் செலவில் இன்னொன்று வாங்குங்கள்.