பாஹியான் சுமந்து வந்த மூட்டை



எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தது. வழியனுப்பப் போயிருந்தேன். கட்டில், அலமாரி, தையல் இயந்திரம் எல்லாம் லோரியில் ஏறின. கோழிக்கூண்டையும் மறக்காமல் ஏற்றினார்கள். லோரி போன பிறகு பார்த்தால், வீட்டின் பின்புறம் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களும் நோட்டுப் புத்தகங்களும் மழையில் ஊறிக்கொண்டிருந்தன. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பிள்ளைகள்மீது உயிரையே வைத்திருப்பவர்கள்தாம். அவசரத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. அவ்வளவுதான்.

அன்று எனக்கு ஒரு பெரியவரின் நினைவு வந்தது. ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்தச் சீனத் துறவியின் பெயர் பாஹியான். இலங்கையின் பழம்பெரும் தலைநகரான அனுராதபுரத்தில் அவர் இரண்டாண்டுகள் தங்கினார். அந்த வாசம் முடிந்து, அவர் ஊர் திரும்பிய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

பாஹியான் கி.பி. 399-ஆம் ஆண்டில் சாங்கான் நகரை விட்டுக் கால்நடையாகப் புறப்பட்டார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்தவர் என்பர். புத்த சங்கத்தின் ஒழுக்க விதிகளைக் கூறும் நூல்களை விநயம் என்பார்கள். சீனாவில் அப்போது இருந்த விநய நூல்கள் அரைகுறையாக இருந்தன. முழு நூல்களைத் தேடி அவர் பாலைவனத்தையும் பனிமலையையும் கடந்து இந்தியாவை அடைந்தார். அங்கே பல இடங்களில் ஆசிரியர்கள் விநயத்தை வாய்மொழியாகவே சொல்லி வந்தார்கள். எழுதிய ஏடு இல்லை. பாடலிபுத்திரத்துக்கு வந்த பிறகுதான் ஏடு கிடைத்தது. அங்கே மூன்று ஆண்டுகள் தங்கி வடமொழி கற்றார். முதுமையில் புதிய மொழியொன்றின் எழுத்தைக் கற்கத் தொடங்கினார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

பின்னர் தாமிரலிப்தித் துறைமுகத்தில் இரண்டாண்டுகள் இருந்து நூல்களைப் படியெடுத்தார். அங்கிருந்து கப்பலேறிப் பதினான்கு நாளில் இலங்கை வந்து சேர்ந்தார்.

அனுராதபுரத்தை அவர் வியந்து எழுதியிருக்கிறார். வீதிகள் மேடுபள்ளமின்றிச் சீராக இருந்தன. நாற்சந்திகளில் அறவுரை மண்டபங்கள் இருந்தன. குறிப்பிட்ட நாட்களில் மக்கள் அங்கே கூடி அறவுரை கேட்டார்கள். அபயகிரி விகாரையில் 5,000 துறவிகள் இருந்ததாக அவர் குறிக்கிறார். புத்தரின் புனிதப் பல் ஊர்வலமாக வருவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே, யானைமேல் அமர்ந்த ஒருவர் முரசறைந்து அச்செய்தியை ஊருக்கு அறிவிப்பாராம்.

இத்தனை சிறப்புகளுக்கு நடுவிலும் அவர் மனம் தனித்தே இருந்தது. உடன் புறப்பட்ட தோழர்களில் ஒருவர் பனிமலையில் இவர் கண்முன்னே உயிர்விட்டார். இன்னொருவர் பாடலிபுத்திரமே போதும் என்று அங்கேயே தங்கிவிட்டார். ஒரு நாள் அபயகிரியில், ஜேட் என்னும் பச்சைக்கல்லால் செய்த பெரிய புத்தர் சிலையின் முன் நின்றார். சிலையருகே ஒரு வணிகர் வெண்பட்டு விசிறியொன்றைக் காணிக்கையாக வைத்துக்கொண்டிருந்தார். அது சீனத்து விசிறி. சொந்த ஊர்ப் பொருளை அவர் பார்த்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. பார்த்த மாத்திரத்தில் அவர் கண்களில் நீர் நிறைந்தது.

நேயர்களே, கண்ணீர் விட்டவர் உடனே கப்பலேறிவிடவில்லை. வந்த வேலை இன்னும் முடியவில்லை. சீனாவில் கிடைக்காத நான்கு நூல்களை அந்த நகரத்தில் பெற்றுக்கொண்ட பிறகே புறப்பட்டார். அவற்றுள் ஒன்று மகிசாசக விநயம்.

அந்த நகர வாசத்தின் முடிவில் அவர் குறித்து வைத்த செய்தி ஒன்று உண்டு. இந்தியத் துறவி ஒருவர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து, புத்தரின் பிச்சைப் பாத்திரம் நாடு நாடாகச் செல்லும் கதையைச் சொன்னார். அதை எழுதிக்கொள்ளப் பாஹியான் விரும்பினார். இது ஏட்டில் உள்ளதன்று, நான் வாயால் சொல்வதுதான் என்று அந்தத் துறவி கூறினார். பாஹியான் அதைத் தம் பயண நூலில் குறித்து வைத்தார். அன்று சொன்னவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. எழுதப்பட்ட காரணத்தால் அவர் சொன்னது மட்டும் இன்றும் இருக்கிறது. நம் வீட்டுப் பாட்டி சொல்லும் பழங்கதையை எழுதி வைக்க யாராவது இருக்கிறோமா?

411-ஆம் ஆண்டில் பாஹியான் இலங்கையை விட்டுக் கப்பலேறினார். அது 200 பேருக்குமேல் ஏறிய பெரிய வணிகக் கப்பல். ஆபத்துக்கு உதவும் என்று பின்னால் சிறு படகொன்றைக் கட்டியிருந்தார்கள். இரண்டு நாள் நல்ல காற்று. பிறகு புயல் வந்தது. கப்பலில் ஓட்டை விழுந்து நீர் ஏறத் தொடங்கியது. வணிகர்கள் படகுக்குத் தாவப் பார்த்தார்கள். கூட்டம் ஏறினால் மூழ்கிவிடுவோம் என்று அஞ்சிய படகுக்காரர்கள் கயிற்றை வெட்டிவிட்டார்கள். வேறு வழியின்றி, பாரத்தைக் குறைக்க வணிகர்கள் சரக்குகளைக் கடலில் வீசினார்கள்.

பாஹியானும் வீசினார். தண்ணீர்க் குடத்தை வீசினார். கழுவும் பாத்திரத்தை வீசினார். கையிலிருந்த மற்றப் பொருள்களையும் வீசினார். நூல்களை மட்டும் விடவில்லை. வணிகர்கள் அவற்றையும் தூக்கி எறிந்துவிடுவார்களோ என்பதே அவருடைய அச்சம். தாம் இத்தனை தூரம் வந்தது அறநூல்களைத் தேடித்தான், பத்திரமாக ஊர் சேர்க்க வேண்டும் என்று அவலோகிதேசுவரரை வேண்டிக்கொண்டார்.

பதின்மூன்று நாட்களுக்குப் பின் ஒரு தீவை அடைந்தார்கள். கடல்நீர் வற்றியபோது ஓட்டையைக் கண்டு அடைத்தார்கள். மேலும் 90 நாட்களுக்குமேல் கடலில் சென்று, நம் பக்கத்துக் கடலைச் சேர்ந்த யவத்வீபத்தில் இறங்கினார்கள். இதை ஜாவா என்று பலர் கருதுகிறார்கள். அங்கே ஐந்து மாதம் காத்திருந்து வேறு கப்பலேறினார். மறுபடியும் புயல். இந்தத் துறவியை ஏற்றியதால்தான் கேடு வந்தது, ஏதாவதொரு தீவில் இறக்கிவிடுவோம் என்று சிலர் கூறினர். அவருக்காக ஒருவர் துணிந்து பேசியதால் தப்பினார். உணவுக்குக் கடல்நீரில் சமைத்து, குடிநீரை அளந்து பங்கிட்டார்கள்.

412-ஆம் ஆண்டில் கப்பல் ஒரு கரையில் ஒதுங்கியது. எந்த நாடு என்று தெரியவில்லை. கரையில் வளர்ந்திருந்த கீரையைப் பார்த்தார்கள். நம் ஊர்க் கீரை! சீனா வந்துவிட்டது என்று அதைக்கொண்டே அறிந்தார்கள்.

பாஹியான் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. கொண்டுவந்த நூல்களை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். ஆனால் அனுராதபுரத்தில் பெற்ற மகிசாசக விநயம் 423-ஆம் ஆண்டையொட்டித்தான் சீன மொழிக்கு வந்தது. புத்தஜீவர் என்னும் துறவி அதை மொழிபெயர்த்தார். அதற்குள் பாஹியான் காலமாகிவிட்டார். தாம் காப்பாற்றிய நூலை மக்கள் படிப்பதை அவர் கண்ணால் காணவில்லை. என்றாலும் அவர் சுமந்து வந்ததால்தான் அவர்களால் படிக்க முடிந்தது.

பெற்றோர்களே, நீங்கள் வாங்கித் தரும் புத்தகத்தின் பலனும் உடனே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விடியலில் வேலைக்குப் போய்க் களைத்து வருகிற உங்களுக்கு அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க நேரமில்லாமலும் இருக்கலாம். பரவாயில்லை. அது மழையில் நனையாமல், கறையான் அரிக்காமல் இருக்க வீட்டில் ஓர் உயரமான பலகை போதும். அடுத்த முறை வீடு மாறும்போது குடத்தையும் பாத்திரத்தையும் பிறகு ஏற்றலாம். பிள்ளைகளின் புத்தகங்களை ஒரு பையில் கட்டி முதலில் லோரியில் வையுங்கள். முடிந்தால் அந்தப் பையைப் பிள்ளையின் மடியிலேயே கொடுத்துவிடுங்கள்.