நல்ல கண்ணை மூடிவிட்டு விளையாடட்டும்

(மதரஸா பெற்றோர் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





போனில் கேம் விளையாடினால் சோம்பேறிக் கண் சரியாகிவிடுமாமே என்று இந்த இரண்டு மாதத்தில் நான்கைந்து குடும்பத்தார் நம் அலுவலகத்தில் வந்து கேட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் ஒரு படி மேலே போய், கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, பிள்ளை கையில் போனைக் கொடுத்திருக்கிறார்கள். பெண் பிள்ளை கண்ணாடி போட்டால் நாளைக்கு நிக்காஹ் பேசும்போது தடங்கலாம். கேம் என்றால் யாருக்கும் தெரியாதாம். இதைக் கேட்ட பிறகுதான் இன்று இந்தப் பேச்சையே எடுத்தோம்.

முதலில் இந்த நோய் என்னவென்று பார்ப்போம். சோம்பேறிக் கண் என்ற பெயரே சரியில்லை. பெரும்பாலும் அந்தக் கண் ஆரோக்கியமாகத்தான் இருக்கும். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருவன் கடைக்குப் போனால் சொன்ன சாமானைச் சரியாக வாங்கி வருகிறான், இன்னொருவன் மாற்றி வாங்கி வருகிறான். அம்மா என்ன செய்வாள்? சரியாக வாங்குகிறவனையே திரும்பத் திரும்ப அனுப்புவாள். மற்றவன் கடைசிவரை கற்றுக்கொள்ளாமலே வளர்ந்துவிடுவான். மூளையும் இப்படித்தான். ஒரு கண்ணில் பவர் அதிகமாகவோ, மாறுகண்ணாகவோ, பிறவியிலேயே புரையாகவோ இருந்தால் அதிலிருந்து மங்கலான படம் போகிறது. மூளை அதை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணை மட்டும் கேட்கப் பழகிவிடுகிறது. இதைச் சிறு வயதில் கவனிக்காமல் விட்டால், பிறகு எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணில் எழுத்து தெளியாது.

நூறு பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேருக்கு இது இருக்கக்கூடும். கஷ்டம் என்னவென்றால் வெளியே தெரியாது. மறு கண் நன்றாக இருப்பதால் பிள்ளை காயிதா ஓதும், பாடம் எழுதும், ஓடி ஆடும். உஸ்தாத் கண்டுபிடிக்கவில்லையே, டீச்சர் சொல்லவில்லையே என்று அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பலருக்கு ஓட்டுநர் உரிமத்துக்குப் போகும்போதோ, கம்பெனியில் வேலைக்கு மெடிக்கல் பார்க்கும்போதோதான் தெரிய வருகிறது. மாறுகண் இருந்தாலாவது கண்ணுக்குத் தெரியும். அதையும் அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது அதிர்ஷ்டம் அல்ல, வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம்.

ஒரு கண் நன்றாகத்தானே இருக்கிறது, போதாதா என்று கேட்கலாம். நம் பிள்ளைகள் நாளை எங்கே வேலைக்குப் போகப் போகிறார்கள்? சிப்காட்டில் லேத் பட்டறை, வெல்டிங், கிரைண்டிங். இரும்புத் துகள் தெறித்து அந்த ஒரு நல்ல கண் போய்விட்டால் மிச்சம் இருப்பது பழக்கப்படாத கண் ஒன்றுதான்.

சரி, கேம் விஷயத்துக்கு வருவோம். இது வெறும் புரளி அல்ல. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹெஸ் குழுவினர் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மேலிருந்து கட்டை விழும் டெட்ரிஸ் விளையாட்டைச் சோம்பேறிக் கண் உள்ள 18 பெரியவர்களுக்கு, தினம் ஒரு மணி நேரம், இரண்டு வாரம் கொடுத்தார்கள். ஒரு பாதிக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் ஆட முடியும் என்கிற மாதிரி, சில கட்டைகள் ஒரு கண்ணுக்கும் மற்றவை மறு கண்ணுக்கும் தெரியும்படி பிரித்திருந்தார்கள். இன்னொரு பாதி நல்ல கண்ணை மூடிக்கொண்டு ஆடியது. சேர்ந்து பார்த்தவர்களுக்கே பலன் கூடுதல்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. கொல்கத்தாவின் கண் மருத்துவர் சோமேன் கோஷ், 10 முதல் 18 வயது வரையுள்ள 100 பேரை வைத்துச் செய்த ஆய்வை 2011இல் அமெரிக்காவில் கண் மருத்துவர்கள் மாநாட்டில் வைத்தார். எல்லோருக்கும் தினமும் 2 மணி நேரம் நல்ல கண்ணை மறைத்து, மங்கல் கண்ணுக்குப் பயிற்சி. ஒரு பிரிவினர் மட்டும் அப்படி மறைத்த நிலையில் ஒரு மணி நேரமாவது வீடியோ கேம் ஆடினார்கள். ஒரு வருஷத்தில் மொத்தப் பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். கேம் ஆடிய பிரிவுக்கு நல்ல பலன். பத்து வயது தாண்டிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிடப்பட்ட வயதுப் பிள்ளைகள் இவர்கள். அந்தச் செய்தி நமக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் இரண்டு இடத்திலும் கவனியுங்கள். பலன் தந்தது கேம் மட்டும் அல்ல. மங்கல் கண்ணை வேலை செய்ய வைத்தார்கள், அதுதான் மருந்து. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளை நாள் முழுக்கப் போன் ஆடினால், நல்ல கண்தான் ஆடுகிறது. அந்த மாற்றி வாங்குகிற பையன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 5 முதல் 12 வயது வரை 385 பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு, 2016இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு ஐபேடில் அந்தக் கட்டை விளையாட்டு தினம் ஒரு மணி நேரம். பாதிப் பேருக்கு வழக்கம்போல நல்ல கண்ணில் 2 மணி நேரம் ஒட்டு. 16 வாரம் கழித்துப் பார்த்தால் கேம் ஒட்டை மிஞ்சவில்லை. சொன்ன நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஆடியவர்கள் நூற்றுக்கு 22 பேர்தான். போனைப் பிடுங்கினால் வீடே இரண்டாகும் பிள்ளைகள்கூட, இது மருந்து என்றவுடன் அலுத்துவிடுகிறார்கள். ஆகவே பல ஆயிரம் ரூபாய் கட்டி "கேம் சிகிச்சை" வாங்கச் சொல்லி யாராவது போன் செய்தால், கண் டாக்டரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஒட்டுப் போடுவது நேற்று வந்த வைத்தியமும் அல்ல. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த ஸாபித் இப்னு குர்ரா நல்ல கண்ணை மூடச் சொன்னதாகக் கண் மருத்துவ வரலாற்றில் சொல்வார்கள். அவர் முஸ்லிம் அல்லர், ஹர்ரான் ஊர் ஸாபியீ; கலீஃபாவின் அவையில் மதிக்கப்பட்டவர்.

வீட்டில் செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டாக்டர் எழுதிய கண்ணாடி, விழித்திருக்கும் நேரமெல்லாம். சில பிள்ளைகளுக்குக் கண்ணாடியிலேயே பாதி சரியாகிவிடும். பிறகு ஒட்டு. அது தோலோடு ஒட்ட வேண்டும், அதன் மேல் கண்ணாடி. கண்ணாடிச் சில்லில் காகிதம் ஒட்டினால் பிள்ளை ஓரத்தால் எட்டிப் பார்த்துவிடும். எத்தனை மணி நேரம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நடுத்தர அளவில் மங்கல் உள்ள சிறு பிள்ளைகளுக்கு 6 மணி நேரமும் 2 மணி நேரமும் ஒரே பலன் தந்ததாக 2003இல் வந்த ஆய்வு சொல்கிறது. சீக்கிரம் சரியாகட்டும் என்று நாள் முழுக்க ஒட்டி வைக்காதீர்கள். அளவு மீறினால் நல்ல கண்ணே மங்கக்கூடும். டாக்டர் வரச் சொன்ன தேதியையும் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த 2 மணி நேரம்தான் வீட்டில் போர்க்களம். ஒட்டை உரித்துப் போடும், அழும், சுவரில் முட்டும். கேமுக்கு உண்மையான இடம் இங்கேதான். ஒட்டு இருந்தால்தான் போன், ஒட்டை உரித்தால் போன் அம்மியிடம் போய்விடும் என்று ஒரே பேச்சாகச் சொல்லுங்கள். அதில் அரை மணி, முக்கால் மணி கேம் போதும். மீதி நேரம் கேரம், லூடோ, மணி கோப்பது, படத்துக்கு வண்ணம் அடிப்பது, நானியோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவது. இதெல்லாம் இலவசம், கண்ணுக்கு வேலையும் அதிகம். மக்தபுக்கு ஒட்டோடு வந்தாலும் பரவாயில்லை. மற்றப் பிள்ளைகள் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வதாக உஸ்தாத்மார்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று இரவே ஒரு காரியம் செய்யுங்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, சுவர்க் காலண்டரைத் தூரத்திலிருந்து காட்டுங்கள். பிறகு மறு கண். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் பிள்ளை சிணுங்கினால், கையைத் தட்டிவிட்டால், காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. கருவிழி நடுவில் வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். சேலம் அரவிந்த், பெங்களூர் மிண்டோ அரசு கண் மருத்துவமனை இரண்டும் போய் வரும் தூரம்தான். பஸ் செலவுக்கோ கண்ணாடிக்கோ சிரமப்படும் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது, அசருக்கும் மஃக்ரிபுக்கும் இடையில் அலுவலகத்தில் சொல்லுங்கள். பெயர் வெளியே போகாது. ஒட்டுப் பெட்டிகள் வாங்கி வைத்திருக்கிறோம். டாக்டர் சீட்டோடு வந்தால் ஒரு மாதத்துக்கு உரியதை வாங்கிப் போகலாம்.