அலாரம் அடித்தால் என்ன செய்வது?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்காவுல இருக்கே, ஏதாவது டெக்னாலஜி பத்திப் பேசுப்பா" என்றுதான் செயலாளர் அண்ணன் சொன்னார். அதை என்னைவிட நன்றாகப் பேச இங்கே பத்துப் பேர் இருக்கிறீர்கள். நான் வேறு விஷயம் எடுத்துக்கொள்கிறேன். நம்ம ஆட்களில் பலர் அங்கே குடும்பத்தோடு இருக்கிறோம். பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். ஒரு பையன் துப்பாக்கி, கொலை என்று ஒரு கதையோ கவிதையோ எழுதிவிட்டால் பள்ளிக்கூடம் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதுதான் நான் பேச வந்தது.

இந்தச் சபையில் ஒருவர் பெயரைச் சொல்லாமல் இதை ஆரம்பிக்க முடியாது. பேராசிரியர் ஜி.வி.லோகநாதன். கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் சிவில் துறையில் நீரியல் சொல்லிக்கொடுத்தவர். 2007 ஏப்ரல் 16 அன்று காலையில் நாரிஸ் ஹால் 206ஆம் அறையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றைக்கு மொத்தம் 32 பேர் கொல்லப்பட்டார்கள்.

சுட்டவன் ஆங்கில இலக்கிய மாணவன். அவன் எழுத்து வகுப்பில் ஏற்கெனவே பயத்தைக் கிளப்பியிருந்தது. 2005லேயே கவிஞர் நிக்கி ஜியோவானி அவனைத் தன் வகுப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். துறைத் தலைவர் லூசிண்டா ராய் அவனைத் தனியாக உட்காரவைத்துப் பாடம் நடத்தினார், பல அலுவலகங்களுக்கும் தகவல் சொன்னார். அதே டிசம்பரில் அவன் வெளிநோயாளியாக மனநல சிகிச்சை பெற வேண்டும் என்று உத்தரவும் ஆனது. அது நடந்ததா என்று யாரும் பின்தொடர்ந்து பார்க்கவில்லை. மாநில ஆளுநர் அமைத்த குழு 2007 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. ஒவ்வொரு அலுவலகத்திடமும் ஒவ்வொரு துண்டு இருந்தது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லை, அந்தரங்கச் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பது அதன் சாரம்.

"அப்படி எழுதினவனை அன்னைக்கே தூக்கி வெளியே போட்டிருக்கணும்" என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அலாரம் அடித்தது. அடித்ததை ஆசிரியர்கள் கேட்டார்கள். அதற்கு மேல்தான் கம்பி அறுந்திருந்தது.

ஆனால் நாடு கற்றுக்கொண்ட பாடம் வேறு. ஒரே வாரம் கழித்து, சிகாகோவுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நன்றாகப் படிக்கும் 18 வயது மாணவன் ஒருவனைப் போலீஸ் கைது செய்தது. மனதில் தோன்றுவதைத் தணிக்கை இல்லாமல் எழுது என்று ஆசிரியரே வகுப்பில் கொடுத்த பயிற்சி. பையன் அப்படியே எழுதினான்! ராணுவத்தில் மரைன் படைக்குத் தேர்வாகியிருந்தவன், அந்த வாய்ப்பும் போனது. மே மாதம் வழக்கைக் கைவிட்டார்கள், படையிலும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஒரு மாதம் அந்த வீட்டில் எப்படி இருந்திருக்கும்?

சட்டம் என்ன சொல்கிறது? அடிப்படை 1969இல் வந்த டிங்கர் வழக்கு. வியட்நாம் போரை எதிர்த்து ஐயோவா மாநிலத்தில் பிள்ளைகள் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார்கள், சஸ்பெண்ட் ஆனார்கள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினதும் மாணவனின் பேச்சுரிமை போய்விடாது என்றது உச்ச நீதிமன்றம். பள்ளி நடப்பதே பெரிதாகக் கெடும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடிந்தால்தான் தடுக்கலாம். கறுப்புப் பட்டைக்கு இது எளிது. கொலைக் கவிதைக்கு?

அதற்கு ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. கனடா எல்லையில், வாஷிங்டன் மாநிலத்தில் பிளெய்ன் என்று ஒரு சின்ன ஊர். 1998இல் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன், பள்ளியில் சக மாணவர்களைச் சுட்டவன் தானே பேசுவதுபோல ஒரு கவிதை எழுதினான். எழுதி, தானாகவே தன் ஆங்கில டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டான். அந்த ஆண்டு மே மாதம்தான் பக்கத்து மாநிலமான ஆரிகனில் ஒரு பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்திருந்தது. டீச்சருக்குக் கவலை. பையனுக்கு முன்பே தற்கொலை எண்ணம் இருந்தது, வீட்டில் பிரச்சினை இருந்தது என்பதெல்லாம் கவுன்சலருக்குத் தெரியும். போலீஸ் வீட்டுக்குப் போய்ப் பார்த்தது, பிடித்துவைக்க ஆதாரம் இல்லை என்றது. பள்ளி அவசர நடவடிக்கையாக அவனை நீக்கியது. மனநல மருத்துவர் பார்த்து ஆபத்து இல்லை என்று சொன்னபின் சேர்த்துக்கொண்டார்கள். 17 பள்ளி நாட்கள் போனது. அவன் கோப்பில் ஒரு கடிதமும் தங்கிவிட்டது.

2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. அன்று தெரிந்த விவரங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வெளியே நிறுத்தியது சரி. ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகும் அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்திருப்பது சரியில்லை.

நான் வேலை பார்ப்பது விஷவாயு கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிகளில். டிடெக்டர் கத்தினால் அந்தப் பகுதியை உடனே நிறுத்துவோம், யாரும் வாக்குவாதம் செய்யமாட்டோம். போய்ப் பார்ப்போம். கசிவு இல்லையென்றால் ரீசெட் பண்ணி ஓட்டுவோம். சிவப்பு விளக்கை அப்படியே எரியவிட்டுப் போகிறவன் எஞ்சினியர் இல்லை. அந்த நீதிபதிகள் எந்த பிளான்ட்டிலும் வேலை பார்த்திருக்கமாட்டார்கள், ஆனாலும் விஷயத்தைப் பிடித்துவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிரானது கலிபோர்னியாவில், சான் ஹோசேயில் 2001 மார்ச்சில் நடந்தது. பள்ளிக்குப் புதிதாக வந்து இரண்டே வாரம் ஆன 15 வயதுப் பையன், தன் இருண்ட கவிதையைச் சக மாணவர்களிடம் காட்டினான். அந்த மாதம்தான் அதே மாநிலத்தில் சான்டீயில் துப்பாக்கிச்சூடு. படித்த பெண் பயந்து டீச்சருக்குச் சொன்னாள். அவள் செய்தது சரிதான். ஆனால் மிரட்டல் குற்றம் என்று வழக்குப் போட்டு, 100 நாள் சிறார் காவல் இல்லம் என்று தீர்ப்பாகிவிட்டது. நோபல் பரிசு பெற்ற கூட்ஸி உட்பட எழுத்தாளர்கள் பையன் பக்கம் நின்றார்கள். 2004இல் மாநில உச்ச நீதிமன்றம், கவிதையின் பொருள் பல விதமாக எடுக்கக் கூடியது, அதைக் குற்ற மிரட்டல் என்று சொல்ல முடியாது என்று ஒருமனதாக ரத்து செய்தது.

இப்போது கணக்கு. அமெரிக்க ரகசியச் சேவையும் கல்வித் துறையும் 2002இல் ஒரு ஆய்வு வெளியிட்டன. 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்கள், 41 தாக்குதல்காரர்கள். அவர்களில் 37 சதவீதம் பேர் வன்முறை மீதான ஈடுபாட்டைத் தங்கள் கவிதை, கட்டுரை, நாட்குறிப்பில் காட்டியிருந்தார்கள். சினிமா, புத்தகம், வீடியோ கேம் எல்லாவற்றையும்விட இது அதிகம். ஆக, எழுத்தை அலட்சியப்படுத்தாதே என்பது உண்மைதான். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 26 வருடத்தில் 41 பேர். அந்த 26 வருடத்தில் ரத்தம் சொட்டக் கதை எழுதிய பிள்ளைகள் எத்தனை லட்சம்? நம்ம ஹாஸ்டலில் மெஸ் கான்ட்ராக்டரைக் கந்தக அமிலத்தில் கரைக்கும் கதை கையெழுத்துப் பத்திரிகையில் வந்தது ஞாபகம் இருக்கிறதா? எழுதியவர் இன்று பேங்க் மேனேஜர். எழுத்தை மட்டும் வைத்து ஆளைப் பிடித்தால் கிடைப்பதெல்லாம் பேங்க் மேனேஜர்கள்தான்.

இன்னொன்று. அந்த ஆய்வின்படி ஐந்தில் நான்கு சம்பவங்களில் திட்டம் முன்கூட்டியே வேறு ஒருவருக்காவது தெரிந்திருந்தது, பெரும்பாலும் நண்பர்களுக்கு. பிளெய்ன் பையன் கவிதையைத் தானே டீச்சரிடம் கொண்டுபோனான். எழுதிக் காட்டினால் பள்ளியை விட்டுத் துரத்துவார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த பையன் எழுதாமல் இருக்கமாட்டான், காட்டாமல் இருப்பான். கத்தியதற்காக டிடெக்டரைக் கழற்றி எறிந்த கதை.

அங்கே இருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். பள்ளியிலிருந்து போன் வந்தால் உடனே வக்கீலைத் தேடாதீர்கள், பிள்ளையை அடிக்கவும் செய்யாதீர்கள். யார் பரிசோதிக்கப் போகிறார்கள், எந்தத் தேதிக்குள் முடியும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒன்றுமில்லை என்று முடிந்ததும் கோப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அங்கே பெற்றோருக்கு அதைப் பார்க்க 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை உண்டு. நம்ம ஆட்கள் இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் கேட்பதே இல்லை. பையனைச் சேர்த்துக்கிட்டாங்களே, போதும்ப்பா என்று வந்துவிடுகிறோம்.

சாப்பாடு ஆறுகிறது என்று செயலாளர் அண்ணன் கை காட்டுகிறார். கேள்விகளைப் பந்தியில் வைத்துக்கொள்வோம்.